கேட்டால்தான் உள்ளே விடும் பெட்டி

ரவுட்டர் பொருத்துகிறவனை, பெட்டி ஒழுங்காக வேலை செய்யும்வரை யாருக்கும் ஞாபகம் இருக்காது; விளக்கு அணைந்த மறுநிமிஷம் அவன் பெயர் ஊர் முழுக்க அடிபடும். நீங்களும் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, பச்சை விளக்கு எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்தானே? அப்படியானால் நாம் ஒரே வியாதிக்காரர்கள். தயங்காமல் படிக்கலாம்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். தொண்ணூறுகளில் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ‘கொமினிகேஷன்’ என்று பலகை மாட்டி, வெளிநாட்டுக்கு டெலிபோன் பேசும் கடை ஒன்று நடத்தினேன். நடத்தினேன் என்று சொல்வது சரியில்லை. கவுண்டரில் இருந்து ஆட்களோடு பேசியது என் மனைவி சரோஜா. கம்பி, மீட்டர், பில் அடிக்கும் மெஷின், இவை என் பக்கம். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது உள்ளே வந்தால் ஏதாவது ஒரு ஸ்க்ரூவைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

பிறகு எல்லோர் கையிலும் ஃபோன் வந்தது. கடை படுத்தது. கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை மட்டத்தில் நின்றது. சைப்ரஸில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு சரோஜா போனாள். இரண்டு வருஷம் என்று போனவள், அது முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். நான் சொல்லப்போகும் சம்பவங்கள் எல்லாம் அந்த இரண்டாவது தவணை முடிகிற வருஷத்தில் நடந்தவை. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மூன்றாவது முறையும் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா என்று அவள் என்னிடம் கேட்டிருந்தாள். “உனக்கு எது சரின்னு படுதோ அப்பிடி செய்” என்று சொல்லியிருந்தேன். மரியாதையான பதில் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ரவுட்டர் வரத் தொடங்கியது. டெலிபோன் கம்பியில் வரும் இன்டர்நெட்டை வீட்டுக்குள் பங்குபோடும் சின்னப் பெட்டி. அதற்குள்ளேயே வெளியாட்களைத் தடுக்க ஃபயர்வால் என்று ஒரு காவலும் இருக்கிறது. கொமினிகேஷன் கடைக் கம்பிகளில் பழகிய கை என்பதால், பொருத்தவும் பூட்டுப் போடவும் என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் எங்கள் குளிரில் அதை முதலில் விரும்பியது மனிதர்கள் இல்லை, பூனைகள்.

பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு சாவி

ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, கொண்ட லயம். தொங்கலில், கடைசிக் காம்பராவில், ஓய்வுபெற்ற ராமையா கங்காணியார் இருந்தார். கத்தாரில் இருந்த மகன் ஒரு லாப்டாப் அனுப்பியிருந்தான். ரோட்டோரமாக இருந்ததால் டெலிபோன் கம்பியும் சுலபமாகக் கிடைத்துவிட்டது. நான் போய் ரவுட்டரைப் பொருத்தி, வைஃபைக்கு பாஸ்வேர்ட் போட்டு, ‘இது இல்லாம யாரும் உள்ள வர முடியாது’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். போனால் முகம் செத்துப்போயிருந்தது. அவருடைய சம்சாரம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொன்னார்: “பக்கத்து காம்பராக்காரி ரெண்டு நாளா கொழம்பு குடுத்தனுப்பலீங்க. பேச்சும் இல்ல.” விஷயம் இதுதான். லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் ஒன்று, உள்ளே ஆள் செத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டோடு சண்டை. பக்கத்து காம்பராப் பையன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஃபோனில் கங்காணியார் வீட்டு வைஃபை பெயர் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் பூட்டுப் படமும் தெரிந்திருக்கிறது. கங்காணியார் வீடு கதவைச் சாத்திவிட்டது என்று லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

பாஸ்வேர்ட் எதற்கு, தெரியாதவர்கள் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததை விளக்கினேன். கங்காணியார் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். அடுத்த முறை நான் போனபோது பேச்சு, குழம்பு எல்லாம் பழையபடி நடந்துகொண்டிருந்தது. பூட்டை எடுத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பூட்டு இருந்தது. பாஸ்வேர்டைப் பன்னிரண்டு வீட்டுக்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சிக்னல் நாலாவது காம்பராவைத் தாண்டாது, வைஃபை பிடிக்கும் ஃபோனும் இந்த லயத்தில் இரண்டுதான் என்று கணக்குச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“எட்டாத வீட்டுக்கும் குடுத்தாத்தானே தம்பி மரியாத.”

சாமித் தட்டில் ஒரு பெட்டி

கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த வள்ளியம்மா வீட்டில் ரவுட்டர் அடிக்கடி நின்றுபோனது. போய்ப் பார்த்தபோது சாமிப் படம் வைக்கும் சுவர்த் தட்டில், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் அதை வைத்திருந்தார். மேலே விபூதிப் பட்டை. காற்றுப் போகும் துளைகளில் குங்குமம் அடைத்து, பெட்டி நெருப்பாகக் கொதித்தது. தட்டித் துடைத்து, தட்டிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். நான் கருவியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் பெட்டி பழையபடி தட்டுக்கு ஏறிவிட்டது.

இன்னொரு வேலையும் இருந்தது. ரவுட்டரின் அமைப்பைத் திறக்கும் சாவி, அதாவது இன்னொரு பாஸ்வேர்ட், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அந்த மாதிரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஆலையில் போட்ட சாவி ஒன்றேதான். மாற்றாமல் விட்டால் எந்தக் கள்ளனும் வந்து திறக்கலாம். முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். தாளைப் பார்க்கலாம் என்று திருப்பினால், அதன் மேலும் சந்தனம் வைத்து நடுவில் ஒரு பொட்டு. சுரண்டிக்கொண்டே, சாமிக்கு வைக்கிறதை இதுக்கு ஏம்மா வைக்கிறீங்க என்று மெதுவாகக் கேட்டேன். மகள் சவூதியில் வீட்டு வேலைக்குப் போய் ஐந்தாவது வருஷமாம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேசுவாளாம்.

“சாமி எங்கிட்ட ஒரு நாளும் பேசுனதில்லண்ணே. இதுலதான் எம் மக பேசுறா.”

அன்று பெட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, விபூதியை மட்டும் முன்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். முன்பக்கத்தில் துளை கிடையாது.

ஊசி போகும் ஓட்டை

ஒரு பெரிய பங்களாவில் பாஸ்வேர்ட் வாரத்துக்கு ஒரு முறை தானாக அழிந்துகொண்டிருந்தது. தோட்ட மானேஜரான துரை என்மேல் சீறினார். கடைசியில் பிடிபட்டது யார் என்றால், சமையல்காரர் அந்தோணி அப்பு. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதில் குத்தி அழுத்திப் பிடித்தால் நாம் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் பெட்டி மறந்து, ஆலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். பாஸ்வேர்ட், பூட்டு ஒன்றும் மிஞ்சாது. யாரோ விருந்தாளி ஒருமுறை அப்படிச் செய்து காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து விளக்கு சற்று மினுங்கினாலும் அப்பு சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வைத்தியம் பார்த்திருக்கிறார்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறிப் போனபோது பதிவில் இவர் பெயர் விடுபட்டு, தலைமன்னாரிலிருந்து தனியாகத் திரும்பி வந்தவர் அவர் என்பது பங்களாவில் எல்லோருக்கும் தெரியும். ஓட்டையின் வேலை என்ன என்று நான் விளக்கியபோது ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

“பொட்டிக்கு வச்சவன் மனுசனுக்கும் ஒன்னு வச்சிருக்கலாமே தம்பி.”

மகனுக்காகத் திறந்த வாசல்

நுவரெலியாவில் நவரத்தினம் மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, ஓய்வுக்குப் பிறகும் குளிருக்குப் பழகிப்போய் அங்கேயே தங்கிவிட்டவர். மகன் கனடாவில். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பிறகு அது குறைந்து, நின்றுபோனது. மகனுடைய அழைப்பை ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று யாரோ மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆளையே கொண்டு எல்லா வாசலையும் திறந்து, வெளியிலிருந்து வருவது எதுவானாலும் நேராகத் தன் கம்ப்யூட்டருக்கே வரும்படி செய்துவைத்திருந்தார்.

நான் போனபோது கம்ப்யூட்டர் நகரவே மறுத்தது. திரையில் சீனத்துச் சூதாட்டம் என்ன, மெலியும் மாத்திரை என்ன, ஒன்றை மூடினால் இரண்டு வந்தது. வைரஸ் தேடும் நிரலை ஓடவிட்டுவிட்டு, அது முடியும்வரை ஏதாவது பேச வேண்டுமே என்று ஃபயர்வாலைப் பற்றிச் சொன்னேன். அது உங்கள் மகனைத் தடுக்கவே இல்லை, மாஸ்டர். வீட்டுக்குள் இருந்து நாம் ஒருவரைக் கேட்டுப் போனால், அவர் பதிலை அது மறிக்காமல் விடும். உள்ளேயிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத்தான் நிறுத்தும். மகனோடு பேசும் மெசஞ்சரும் அப்படித்தான். இங்கிருந்து நீங்கள் அதைத் திறந்து வைத்தால் அவர் அழைப்பு அதன் வழியாகவே வந்துவிடும். அதற்கு வாசலைத் திறந்துபோட வேண்டாம். நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்களேன்.

“நானோ கூப்பிடுறது? பெத்த தகப்பன் நான். அவனெல்லோ கூப்பிட வேணும்” என்றார். நான் வழக்கம்போலக் குனிந்து கம்பியைப் பார்த்தேன். நிரல் தேடி முடித்து, முந்நூற்றுப் பதினேழு என்று கணக்குக் காட்டியது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இலக்கத்தை வாசித்தார்.

“அவனுக்கெண்டு திறந்து வைச்சன் தம்பி. எல்லாரும் வந்திட்டினம். அவன் மட்டும் வரேல்லை.”

வாசல்களைத் திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஹட்டன் வரும்வரை மாஸ்டரின் பிடிவாதத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இடிக்குக் காவல் இல்லை

மலையில் ரவுட்டருக்கு முதல் எதிரி கள்ளனோ வைரஸோ இல்லை, இடி. சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் கறுத்துக்கொண்டு வரும். டெலிபோன் கம்பி வழியாக மின்னல் இறங்கினால் பெட்டி கரி. அதனால் போகிற வீடுகளில் எல்லாம் முதல் இடி கேட்டதும் இரண்டு கம்பியையும் கழற்றிவிடச் சொல்லுவேன். இரண்டு என்று விரலைக் காட்டிச் சொல்லுவேன். கரண்டு கம்பியைக் கழற்றிவிட்டு டெலிபோன் கம்பியை மறந்தவர்கள்தான் அதிகம்.

சரோஜா பேசும் நேரமும் அந்தப் பின்னேரம்தான். அங்கே மதியம் அந்தக் கிழவி அம்மா சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் அவளுக்கு அரைமணி நேரம் கிடைக்கும். இங்கே அப்போது வானம் இருட்டும். நான் ஒழுங்காகக் கம்பிகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்த அரைமணி போகும்வரை அணைந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் முழுக்க இடி. ஒரு நாளும் பேசவில்லை. எட்டாம் நாளும் இடித்தது. நான் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு வந்ததைப் பார்த்தேன். அடுத்த கணம் ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

மறுநாள் கம்பி பார்க்க வந்தவர் ஆரியதாச. கினிகத்தேனைக்காரர், டெலிபோன் லைன் வேலை செய்பவர். கொமினிகேஷன் கடை நாளிலிருந்து பழக்கம். என்னைச் சிங்கள வழக்கப்படி ‘அய்யே’, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். கருகிய பெட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கினிகத்தேனை வரைக்கும் எல்லா வீட்டுக்கும் கழட்ட சொல்லுறது. அய்யே கழட்டினது இல்ல?”

நான் குனிந்து மேசைக்கடியில் ஸ்க்ரூ தேடினேன். அவர் சுவரில் இருந்த சரோஜாவின் படத்தைப் பார்த்தார். கடையில் இருந்த காலத்தில் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சிங்களத்தில் வம்பளந்தவள் அவள்தான்; அவருக்கு அவள் ‘நோனா’, வீட்டு அம்மா.

“நோனா எப்ப வாறது?”

“தெரியாது. அடுத்த ஒப்பந்தம் வருது. அவ விருப்பம்.”

“அய்யே வரச் சொன்னதா?”

“அவளுக்குத் தெரியாதா?”

ஆரியதாச ஏணியை மடித்துத் தோளில் வைத்தார். புதிய பெட்டி ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

“பெட்டி எரியிற வரைக்கும் இருந்ததுக்கு, வாயில ஒரு வார்த்த சொன்னா கரண்டும் போகாது அய்யே.”

நான்கு விளக்கு

புதிய பெட்டியை அடுத்தவர் வீட்டுக்குப் பொருத்துவது போலவே ஒழுங்காகப் பொருத்தினேன். ஆலைச் சாவியை மாற்றினேன். வைஃபைக்குப் பூட்டுப் போட்டேன். உள்ளேயிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை எல்லாம் நிறுத்தினேன். கரண்டு, லைன், இன்டர்நெட், வைஃபை என்று முன்பக்கத்தில் நான்கு விளக்கு. இரண்டாவது விளக்கு மினுங்கினால் லைனில் கோளாறு, மூன்றாவது அணைந்தால் பேச்சு அறுந்தது. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவேன்.

இடி இல்லாத ஒரு பின்னேரம். நானே முந்திக் கூப்பிட்டேன். நாலு வருஷத்தில் எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். அவளுக்கு எந்த நேரம் தோது என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது என் நியாயம். அவள் பயந்துபோனாள்.

“என்னாங்க, யாருக்கு என்னா?”

“ஒன்னுமில்ல. புதுப் பொட்டி. சும்மா பாக்குறேன்.”

“ம்.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். எத்தனை நாள் இடித்தது என்று சொன்னேன். வீட்டு முன்னறையில் ஒழுகிய இடம் அடைத்தாயிற்று என்று சொன்னேன். அங்கே வெயில், தோடம்பழம் காய்த்திருக்கிறது என்றாள். கிழவி அம்மா இப்போது இவளைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் சாப்பிடுவதில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“தாள் வந்திருச்சு. மேசைமேல வச்சிருக்காங்க. நாளைக்கு அந்தம்மா மக வருவாங்க, கையெழுத்து கேப்பாங்க. நான் என்னா செய்ய?”

அந்த மரியாதையான பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குனிந்து தேட ஒரு ஸ்க்ரூ கூட மேசையில் இல்லை, எல்லாவற்றையும் இறுக்கிவிட்டிருந்தேன். திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. நெற்றியோரம் நரைத்திருந்தது. அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடை கவுண்டருக்குப் பின்னால் அவள் இருக்கும்போது, பகலெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் ஒன்று வந்துகொண்டே இருக்கும். கூரை போட்ட புது வீட்டில் அந்தச் சத்தம் எந்த அறையிலும் இல்லை.

“போடாத” என்றேன்.

“என்னா?”

“கையெழுத்து போடாத. வந்துரு சரோஜா. நீ இல்லாம என்னால இங்க இருக்க முடியல.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. படமும் அசையவில்லை. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பெட்டியைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் நின்ற இடத்தில் நின்று எரிந்தன. மறுபடி திரையைப் பார்த்தேன். படம் நின்றுபோகவில்லை, அவள்தான் அசையாமல் இருந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் கவுண்டரில் கடைசி ஆள் போன பிறகு, கதவுப் பலகையைச் சாத்திவிட்டு என்னோடு பேசும்போது வரும் குரல் அப்போது வந்தது.

“லைன் விட்டு விட்டு வருதுங்க. என்னமோ சொன்னீங்களே, இன்னொரு தரம் சொல்லுங்க.”

இந்தத் தொழிலில் நான் சரிபார்த்த இணைப்புகளில், கோளாறு ஒன்றும் இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, வாடிக்கையாளர் சொல்லுக்காக இரண்டாம் முறையும் சோதித்துக் காட்டியது அந்த ஒன்று மட்டும்தான்.